வானம் பார்த்த பூமி – 9: அமாவாசைக்குக் காத்திருக்கும் மலை

கார்த்திகை தீபத்தன்று மாலை, திருவண்ணாமலையில் நிற்கும் லட்சக்கணக்கானவர்களின் கண்ணும் 2,668 அடி உயர மலையுச்சியில்தான் இருக்கும். அதே நேரம் கிழக்கே முழுநிலவு ஏறிக்கொண்டிருக்கும். அதன் அருகிலேயே கார்த்திகை மீன்களும் இருக்கும், ஆனால் அந்த வெளிச்சத்தில் அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அதே மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். மலை என்னவோ ஒன்றுதான். ஊருக்கெல்லாம் திருவிழாவான பௌர்ணமி, விண்வெளியின் இருண்ட மேகங்களை ஆராய்கிறவர்களுக்கு வீணாய்ப் போகிற ராத்திரி. அவர்கள் நாள்காட்டியில் அமாவாசையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கார்த்திகை மீன்களையே எடுத்துக்கொள்வோம். நீண்ட நேரம் ஒளி வாங்கி எடுத்த படங்களில் அவற்றைச் சுற்றி நீல நிறப் புகை தெரியும். அவை பிறந்த இடத்தின் மிச்சம் அது என்றுதான் பலகாலம் நம்பினார்கள். அப்படியல்ல. அந்த மீன்களுக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு. பிறந்த இடத்துத் தூசி எப்போதோ கலைந்து போயிருக்கும். இப்போது தெரிவது, போகிற வழியில் குறுக்கிட்ட வேறொரு மேகம். பிள்ளை பிறக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளி ரோகிணிப் பக்கம் போக வேண்டும். ரோகிணி நமக்கு 65 ஒளியாண்டு தூரம். அதற்கும் வெகு பின்னால், சுமார் 450 ஒளியாண்டில், ரிஷப ராசியின் இருண்ட மேகங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே இப்போதும் விண்மீன்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கருப்புத் திட்டுகளை வானத்தில் விழுந்த ஓட்டை என்றே வில்லியம் ஹெர்ஷல் நினைத்தார். எட்வர்ட் பர்னார்டு 1919-ல் 182 திட்டுகளைப் பட்டியலிட்டபோதும் வழக்கு முழுதாகத் தீரவில்லை. ஓட்டை இல்லை, திரை என்பது பிறகே உறுதியானது. வாயுவும் தூசியும் சேர்ந்து பின்னாலிருக்கும் விண்மீன்களை மறைக்கின்றன. உள்ளே மைனஸ் 260 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர். அந்தக் குளிர்தான் இங்கே முக்கியம். சூடான வாயு விரிந்து விலகும். குளிர்ந்த வாயுவுக்கு எதிர்த்து நிற்கத் தெம்பில்லை, தன் எடையாலேயே உள்நோக்கிச் சரியும். சரிந்து இறுகி நடுவில் சூடேறுவதுதான் விண்மீனின் தொடக்கம்.

இதைச் சின்னச் சின்ன உருண்டை மேகங்களுக்குப் பொருத்திச் சொன்னவர் ஹார்வர்டில் இருந்த பார்ட் போக். ஆண்டு 1947, கூட எழுதியவர் எடித் ரெய்லி. இரண்டு வருடம் கழித்து அதே ஹார்வர்டுக்கு, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில், சென்னையில் பிறந்த ஓர் இளைஞர் போய்ச் சேர்ந்தார். வைணு பாப்பு. போன கொஞ்ச நாளிலேயே, தான் எடுத்த ஒளிப்படத் தட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். இன்றும் அதன் பெயர் பாப்பு–போக்–நியூகிர்க். ஒரு மாணவர் பெயருக்குப் பின்னால் பேராசிரியர் பெயர் வருவது நம் ஊரில் அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியமா என்ன!

1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பேற்ற பாப்பு, தெற்கு வானம் நன்றாகத் தெரிகிற இடம் தேடி காவலூரைப் பிடித்தார். 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968-ல் வேலை தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியின் 102 செ.மீ. ஸைஸ் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்கும் வேலையைத் தொடங்கிய பாப்பு 1982-ல் இறந்தார். அது 1986-ல் திறக்கப்பட்டது.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதன் லாபத்தைப் பாருங்கள். அகத்திய விண்மீனுக்கு வடகிழக்கே, ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால், கம் நெபுலா என்ற பெரும் பரப்பில் தலையும் வாலுமாகச் சில இருண்ட மேகங்கள் உள்ளன. பார்க்க வால்மீன் போலவே இருக்கும். 1976-ல் கண்டுபிடிக்கப்பட்டவை. ஜெர்மனியில் அடிவானத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கிடக்கும் இவை, காவலூரில் நன்றாக மேலே ஏறிவிடும். பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தின் 10.4 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியால் டி.கே. ஸ்ரீதரன் இவற்றை அளந்து 1992-ல் எழுதினார்: எல்லாம் ஒரு மையத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகின்றன, பின்னோக்கிக் கணக்குப் போட்டால் விலகத் தொடங்கி ஏறக்குறைய 60 லட்சம் ஆண்டு.

அடுத்தது, மேகம் சரிவதைத் தடுக்கக்கூடிய காந்தப்புலம். இங்கே வெளிச்சத்தை அதன் அளவுக்காக மட்டும் பார்ப்பதில்லை. மேகத்தின் தூசித் துகள்கள் உருண்டையானவை அல்ல, நீளவாட்டானவை. காந்தப்புலம் அவற்றை ஒரே திசையில் வரிசைப்படுத்தும். மேகத்தின் மெல்லிய ஓரத்தின் வழியே கசிந்து வரும் பின்னணி விண்மீனின் ஒளி, அந்த வரிசையால் ஒரு பக்கம் சாய்ந்து அதிர்கிறது. சாய்வு ஓரிரு சதவீதம்தான். நிலா வெளிச்சத்துக்கும் இதே குணம் உண்டு. வானத்தில் சிதறும்போது அதுவும் சாயும், அளவைக் கெடுக்கும். அமாவாசை எதற்கென்று இப்போது புரியும்.

ஸ்ரீதரனும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் எச்.சி. பட்டும் உள்ளிட்ட குழு, இந்த வால் மேகங்களில் ஒன்றான சிஜி 22-ல் காந்தப்புலம் வாலுக்கு இணையாக ஓடுவதை 1996-ல் காட்டியது. மூன்றாண்டு கழித்து சிஜி 30–31 மேகங்களைப் பார்த்தார் பட். அங்கே புலம் வாலுக்கு ஏறக்குறையச் செங்குத்து! சிஜி 30-ன் தலைக்குள் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் ஒன்று வாயுவைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. ஒரே கூட்டத்து மேகங்கள், ஒரே மையத்திலிருந்து அடிபட்டவை, புலம் மட்டும் ஆளுக்கொரு திசை. மேகம் சரிவதைக் காந்தப்புலம் எவ்வளவு தடுக்கிறது என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தவர்களை இந்த இரண்டு மேகங்களும் ஏமாற்றிவிட்டன. எனக்கு இந்த ஆய்வுகள் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

போக் சொன்னது சரிதான் என்று 1990-ல் அகச்சிவப்பு அளவீடுகளை வைத்து யுன், கிளெமென்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிறுவினார்கள். போக் 1983-லேயே போய்விட்டார். காவலூரால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. தூசியைத் துளைப்பது அகச்சிவப்பு. அதைக் குடித்துவிடுவது காற்றின் ஈரம். இரண்டு பருவமழையும் தொட்டுப்போகிற ஜவ்வாது மலையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மேகத்தின் ஓரம் வரை காவலூர், உள்ளே போக வறண்ட உயரம். அதனால்தான் 4,500 மீட்டரில், லடாக்கின் ஹான்லேயில் இன்னொரு தொலைநோக்கி தேவைப்பட்டது. அங்கே அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)