தலைமாட்டில் ஒரு சின்ன மேசை



மணவூர் பக்கத்துக் குழுக்களில் கல்யாண சீர் சாமான் வாங்க உள்கடன் கேட்கும் உறுப்பினர்கள் உண்டு. கட்டில், பீரோவோடு இப்போது கட்டில் பக்கத்து மேசையும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. "அது எதுக்குங்க, பணக்காரங்க வீட்டு சாமான்தானே?" என்று சில அக்காமார் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், டிரெஸ்ஸிங் டேபிளைவிட அதுதான் தேவை. ஆனால் பளபளப்பைப் பார்த்து எடுக்கக்கூடாது. ராத்திரி இருட்டில் அதை யார், எதுக்காகத் தொடப்போகிறார்கள் என்று யோசித்து எடுக்கணும்.

முதலில் காலைப் பாருங்கள். நான்கு காலும் தெரிய, அடியில் துடைப்பம் போய்வர இடம் இருக்கணும். தரையோடு ஒட்டிய பெட்டி மாதிரி இருந்தால் அடியிலும் பின்னாலும் எலி தங்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியே இருக்காது, வீக்கமும் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி வரும், கண் இமை தூக்க முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் நம்மைப் போல கிராமத்து ஜனங்கள். அதனால் மேசைமேல் முதலில் வைக்கவேண்டியது டார்ச் லைட். எழுந்ததும் தரையில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கணும். கடித்தது பாம்பு என்று சந்தேகம் வந்தாலே மந்திரிக்கப் போகாமல் 108-க்குப் போன் பண்ணுங்க.

அடுத்தது உயரம். மேசை, மெத்தையோடு சேர்த்து கட்டில் எவ்வளவு உயரமோ அவ்வளவு இருந்தால் போதும். தாழ்வாக இருந்தால் வயதான மாமியார் தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் குனிந்து விழுந்துவிடுவார். இடுப்பெலும்பு முறிந்தால் அவருக்கும் கஷ்டம், பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் கஷ்டம். எழும்போது அவர் அதைப் பிடித்துத்தான் எழுவார். கடையிலேயே ஒரு கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகையில் செய்தது விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி நனைந்தால் ஊதிப்போகும், ஆணி பிடிக்காது. வேப்பமரத்தை எளிதில் பூச்சி அரிக்காது. இடித்த வீட்டுப் பழைய கதவுச் சட்டம் இருந்தால் ஊர் ஆசாரியிடம் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். ஒன்றும் முடியாவிட்டால் கனமான பிளாஸ்டிக் ஸ்டூலே போதும், இதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டு வைத்த டிராயர் அவசியம். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் குழந்தைக்கு மிட்டாய் மாதிரிதான் தெரியும். பூச்சிமருந்து பாட்டிலை மட்டும் படுக்கை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கொசுவத்தியை மேசைமேல் வைக்கக்கூடாது, விரிப்பிலும் போர்வையிலும் நெருப்பு பிடிக்கும். அதைத் துணி எட்டாத தூரத்தில், தரையில் தகரத்தட்டில் வைக்கணும்.

மேசைக்கென்று தனியாகக் கடன் எடுக்க வேண்டாம். திருத்தணிக்கோ அரக்கோணத்துக்கோ கடைக்குக் கிளம்பும் முன் கட்டில் உயரத்தை ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போட்டு, கையோடு எடுத்துப் போங்க.