பரீட்சை வாயிலும் தொழில் வழியும்

கல்லூரியை விட்டு வெளியேறும் மாணாக்கர் ஒவ்வொருவரையும் இரு வினாக்கள் வாயிலில் நின்று மறிக்கின்றன. மேலே கற்பது எங்ஙனம் என்பது ஒன்று. பிழைப்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. பரீட்சை முடியும்வரை தொழிலைப் பற்றி எண்ணாதிருப்பதே எம்மவரிடையே வழக்கமாய் இருந்து வருகின்றது. அவ்வழக்கத்தால் விளையும் கேட்டினை வகுப்பறையில் நின்று பல்லாண்டு கண்ட நாம், இவ்விழா மலரின் வாயிலாகச் சில கூற விழைகின்றோம்.

1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அக்காலத்தில் பல்கலைக்கழகமே தனக்கென ஒரு புகுமுகப் பரீட்சையை நடத்தி மாணாக்கரைத் தெரிந்தெடுத்தது. 1960களில் அவ்விடத்தைக் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை பெற்றது. 1970களில் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் வந்தன. அவற்றால் எம்மவர் உள்ளம் நொந்த வரலாற்றை மூத்த பழைய மாணவர்கள் நன்கறிவர். 2001 ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்னும் முறை கைக்கொள்ளப்பட்டு வருகின்றது.

இசட் புள்ளி என்றதும் பெற்றோர் பலர் மருளுகின்றனர். மருள்வதற்கு அதில் ஏதும் இல்லை. ஒரு பாடத்தில் மாணாக்கர் அனைவரும் பெற்ற சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றார் என்பதை, அப்பாடப் புள்ளிகளின் பரம்பலைக் கொண்டு அளப்பதே அது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 10 எனக் கொள்க. அதில் 65 பெற்றவரின் இசட் புள்ளி 1.5 ஆகும். வேறொரு பாடத்தின் சராசரி 65, நியம விலகல் 10 எனின், அதில் 75 பெற்றவரின் இசட் புள்ளி 1 மாத்திரமே. எழுபத்தைந்து அறுபத்தைந்துக்குக் கீழே நிற்கும் விந்தை இதுவே. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுக்க வருவதே மாணாக்கரின் இறுதிப் புள்ளி. ஆகவே, ஒரு பாடத்தை மிக விரும்பிக் கற்று மற்றொன்றைக் கைவிடுபவர் தம் படகில் தாமே ஓட்டையிடுபவர் ஆவார்.

கலைத்துறைத் தெரிவு பெரும்பாலும் நாடளாவிய திறமை ஒன்றையே நோக்கி நடைபெறும். ஏனைய துறைகளுட் பெரும்பாலானவற்றில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 இடம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. எமது திருகோணமலை மாவட்டம் இவ்வைந்தினுள்ளும் பங்குடையது. இவ்வசதியை அறிந்து பயன்கொள்வோர் சிலரே.

இவ்விடத்தில் எமது குற்றம் ஒன்றையும் ஒளியாது உரைத்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், கடற்றொழிலாளர் குடும்பத்து மாணாக்கர் ஒருவர் எம்மிடம் பயின்றார். கணிதத்தில் வல்லவர். பொறியியல் ஒன்றே அவர் கனவு. அவர் தந்தையார் கனவும் அதுவே. எமது கனவும் அதுவே. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பு ஒழுங்கின்படி பல கற்கைநெறிகளை எழுத இடமிருந்தும், அவர் பொறியியலை மாத்திரம் எழுதினார். நாம் அதைப் பார்த்துத் திருத்தினோமல்லோம். வெட்டுப்புள்ளி சிறிது மேலே நின்றுவிட்டது. கோணேசபுரியிலே, அவர் வீட்டிலிருந்து நாடோறும் சென்று வரக்கூடிய தூரத்திலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் கற்பதற்கு அவர் புள்ளி போதியதாய் இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அடுத்த ஆண்டு பரீட்சையில் அவர் புள்ளி குறைந்தது. மூன்றாம் முறையும் கைகூடவில்லை. மூன்று முறைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் புக விதி இடந்தராது. பின்னர் அவர் தொழினுட்பப் பயிற்சி பெற்று இன்று மதிப்புடன் வாழ்கின்றார். வீதியில் எம்மைக் கண்டால் துவிச்சக்கர வண்டியை விட்டு இறங்கி, “வணக்கம், சேர்” என்கின்றார். அவ்வணக்கத்தைப் பெறும்போதெல்லாம் அந்த விண்ணப்பத் தாளே எம் கண்முன் நிற்கின்றது.

ஆதலின் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நாம் கூறுவது: விண்ணப்பத்தை மாணாக்கரோடு கூடியிருந்து வாசியுங்கள். மாணாக்கர்க்குக் கூறுவது: கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பழகுங்கள். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றின் முதற் பத்திரத்தில் 50 வினாக்களுக்கு 2 மணி நேரமே உண்டு. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. தமிழாசிரியர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வோம். “குறிப்பிடுக” என்றால் குறிப்பிடுதலே வேண்டும். “விளக்குக” என்றால் காரணம் வேண்டும். “ஒப்பிடுக” என்றால் இரண்டையும் ஒருங்கு நிறுத்தல் வேண்டும். வினாவின் ஏவலை உணராது விடையறிந்தும் புள்ளியிழந்தோர் பலர். பொதுச் சாதாரணப் பரீட்சையை எளிதென்று இகழற்க. அதில் 30 புள்ளி பெறாதவர்க்குப் பல்கலைக்கழக வாயில் திறவாது.

இனித் தொழில். 1957 ஆம் ஆண்டிற்கு முன் இந்நகரில் பிரித்தானியக் கடற்படைத் தளமே பலருக்குச் சோறிட்டது. அவ்வாண்டில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, அதனையே நம்பியிருந்த குடும்பங்கள் கலங்கின. ஒரே கப்பலை எதிர்பார்த்துத் துறையில் நிற்பவர் நிலை அது. இன்று அரசாங்க எழுதுவினைஞர் பதவி ஒன்றையே எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர் நிலையும் அதுவே. தேசிய கல்வியியற் கல்லூரிகள், தொழினுட்பக் கல்லூரிகள், ஏழு மட்டங்களையுடைய தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எனப் பல துறைகள் உள. துறைமுகத்தை அடுத்துள்ள மாவாலையிலும் சீமெந்தாலையிலும் கைத்திறன் உடையோர்க்கு வேலை உண்டு. சிங்களமும் ஆங்கிலமும் ஓரளவேனும் அறிந்தவர் எத்துறையிலும் முன்னிற்பர்.

சுவாமி விபுலாநந்தர் வாழ்வை இங்கு நினைத்தல் தகும். 1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் முதலிலே பயிற்றப்பட்ட ஆசிரியராயினார். கற்பித்துக்கொண்டே விஞ்ஞானம் பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். துறவு பூண்ட பின் எமது திருகோணமலை இந்துக் கல்லூரிக்கும் உழைத்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். தொழில் புரிந்துகொண்டே பரீட்சைகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் கடந்தவர் அவர். ஒரு வாயில் அடைபட்டால் கல்வி முடிந்தது என்பார்க்கு அவர் வாழ்வே விடை.

பழைய மாணவ அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிவு வெளியாகி விண்ணப்பம் எழுதும் அவ்வாரங்களில், ஒரு மாலைப் பொழுதேனும் கல்லூரிக்கு வந்து ஒரு மாணாக்கர் அருகில் அமருங்கள். நீங்கள் சென்ற வழியையும், தவறிய வழியையும் சொல்லுங்கள். பொருளுதவியினும் அது பெரிது. எமக்கு அன்று தவறிய ஒரு மணி நேரத்தை நீங்கள் இன்று ஈந்தால், இன்னொருவர் தாள் குறையாய் நில்லாது.