பஞ்சத்தை விரட்டிய பொடிக் குளவி!

கடுகு அளவு உடம்பு. கறுப்பு நிறம். மெல்லிய நான்கு சிறகுகள். உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தாலும் ஏதோ தூசி என்றுதான் நினைக்கத் தோன்றும். மனிதரைக் கொட்டாது. கூடு கட்டாது.

இந்தச் சின்னஞ்சிறு குளவிதான் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றியது! அதே குளவி இப்போது சேலத்து மரவள்ளி வயல்களிலும் வேலை செய்கிறது.

அதன் பெயர் 'அனகைரஸ் லோபெஸி'. 1964-ம் ஆண்டில் அர்ஜென்டைனா நாட்டு விஞ்ஞானி டெ சாண்டிஸ் இதை விவரித்துப் பெயர் சூட்டினார். அதன் பெருமை அப்போது யாருக்கும் தெரியாது.

ஏழைகளின் சோறு

மரவள்ளியின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் 16-ம் நூற்றாண்டில் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். மழை குறைந்தாலும் விளையும். மண் மெலிந்தாலும் விளையும். அதனால் அது ஏழைகளின் சோறு ஆயிற்று. கிழங்கை மாவாக்கிக் களி கிண்டினார்கள். இலையைக் கீரையாகச் சமைத்தார்கள். சுமார் 20 கோடி மக்கள் அதை நம்பி வாழ்ந்தார்கள்.

1970-களின் தொடக்கத்தில், காங்கோ பகுதியில் ஒரு புதிய பூச்சி தலைகாட்டியது. அது மாவுப்பூச்சி. உடம்பு இளஞ்சிவப்பு, மேலே மாவு தூவியதுபோல் வெள்ளை மெழுகு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளிக் குச்சிகளோடு தெரியாமல் வந்திருக்கும் என்று கருதப்படுகிறது.

இந்த இனத்தில் ஆணே கிடையாது! பெண் பூச்சி தனியாகவே நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். அத்தனையும் பெண்களாகவே பிறக்கும். செடியின் குருத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை சுருளும், கணுக்கள் நெருங்கும், செடி குட்டையாகும். சில இடங்களில் விளைச்சலில் நூற்றுக்கு எண்பது பங்கு போய்விட்டது. கிழங்கு போயிற்று, கீரை போயிற்று, அடுத்த போகத்துக்கு நடக் குச்சியும் இல்லை.

வயலுக்கு வயல், நாட்டுக்கு நாடு பூச்சி தாவியது. மருந்து தெளிக்க அந்த ஏழை விவசாயிகளிடம் பணம் ஏது?

பூச்சியின் எதிரி எங்கே?

அப்போது நைஜீரியாவில் இபாடான் நகரில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிலையத்துக்கு ஓர் இளைஞர் வேலைக்கு வந்தார். 1979-ம் ஆண்டு அது. அவர் பெயர் ஹான்ஸ் ஹெரன். சுவிட்சர்லாந்துக்காரர், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

"இந்தப் பூச்சி பிறந்த ஊரில் ஏன் இப்படி அழிவு செய்யவில்லை?" என்பதே கேள்வி. அங்கே அதை அடக்கி வைக்க ஏதோ ஓர் எதிரி இருக்கவேண்டும். அந்த எதிரியைப் பிடித்து வந்தால் போதும்!

தேடல் தொடங்கியது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி அகப்பட்டது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அது வேறு இனம்! அதன் நிறம் மஞ்சள். அதில் ஆண் பூச்சிகளும் உண்டு. அதைத் தாக்கும் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் பயன்படவில்லை.

1981-ம் ஆண்டு, பராகுவே நாட்டில், டோனி பெல்லோட்டி என்ற விஞ்ஞானியின் கண்ணில் உண்மையான இளஞ்சிவப்புப் பூச்சி பட்டது. அதன் எதிரியான குளவியும் அங்கே இருந்தது. குளவிகளை நேராக ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. முதலில் லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அடைத்து வைத்து, வேறு தீங்கு எதுவும் கூட வந்திருக்கிறதா என்று சோதித்தார்கள். அதன் பிறகே அவை இபாடான் போய்ச் சேர்ந்தன.

ஊசி முனையில் ஓர் அதிசயம்

இந்தக் குளவியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்குள் எத்தனை உறுப்புகள்!

தலையின் இரு பக்கமும் இரண்டு பெரிய கூட்டுக் கண்கள். உச்சியில் மூன்று சிறு கண்கள். முன்னால் முழங்கை போல மடங்கிய இரண்டு உணர்கொம்புகள். இவைதான் அதன் மூக்கு. மாவுப்பூச்சி பிடித்த மரவள்ளிச் செடி ஒரு தனி வாசனை விடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே குளவி செடியைத் தேடி வந்துவிடும்.

சிறகுகள் கண்ணாடி போன்றவை. பெரிய குளவியின் சிறகில் காணும் நரம்புப் பின்னல் இதில் கிடையாது. ஓரத்தில் ஒரு நரம்பு. விளிம்பில் மெல்லிய மயிர்கள். முன் சிறகையும் பின் சிறகையும் சிறு கொக்கிகள் ஒன்றாகப் பிணைக்கின்றன. ஆறு கால்களில் நடு இரண்டும் வலுவானவை. அவற்றின் நுனியில் ஒரு தடித்த முள் உண்டு. அவற்றை உந்தி, தத்துக்கிளிபோல் குதிக்கும்.

வயிற்றின் கடைசியில் இருப்பது முட்டையிடும் ஊசி. பெண் குளவி மாவுப்பூச்சியை உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் ஊசியைச் செருகி, உள்ளே ஒரு முட்டையை வைக்கும். சில சமயம் சிறிய பூச்சிகளைக் குத்தி, கசியும் நீரைக் குடிக்கும். முட்டை வைத்தாலும் பூச்சி சாகும், குடித்தாலும் சாகும்!

முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளேயிருந்தே தின்று வளரும். பூச்சியின் உடம்பு பழுப்பு நிறமாகி, கெட்டியாகி, சிறு பீப்பாய் போல் ஆகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அதில் ஒரு வட்டத் துளை விழும். அதன் வழியே புதிய குளவி வெளியே வரும்.

மகனா? மகளா?

இன்னொரு விந்தை! பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தாய்க் குளவியே முடிவு செய்கிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும்; கருவுறாத முட்டை ஆணாகும். பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் அதில் பெண் முட்டை இடும். சிறியது கிடைத்தால் ஆண் முட்டை இடும். பெண் குழந்தைக்குச் சாப்பாடு அதிகம் வேண்டும் அல்லவா?

இதில் விவசாயிக்கும் ஒரு பாடம் உண்டு. சத்தில்லாத மணலில் செடி மெலியும். அதில் மாவுப்பூச்சியும் சிறுத்தே இருக்கும். அங்கே ஆண் குளவிகளே அதிகம் பிறக்கும். குளவிக் கூட்டம் பெருகாது. மண்ணுக்கு மூடாக்குப் போட்டு, எரு இட்டால் செடி தேறும், குளவியும் பெருகும்.

நாடு விட்டு நாடு

1981-ம் ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் குளவிகளைத் திறந்துவிட்டார்கள். அவை தாமாகவே ஊர் ஊராகப் பரவின. பின்னர் விமானத்தில் ஏற்றி, வானத்திலிருந்தும் விட்டார்கள். 1990-ம் ஆண்டு வாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் குளவி நிலைத்துவிட்டது. பெரும்பாலான வயல்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மக்கள் மறுபடியும் கிழங்கு தோண்டினார்கள். 1995-ம் ஆண்டில் ஹெரனுக்கு 'உலக உணவுப் பரிசு' கிடைத்தது.

ஆனால் பூச்சியின் பயணம் நிற்கவில்லை. 2008-ம் ஆண்டில் அது தாய்லாந்தில் தோன்றியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவிகளை வரவழைத்து அங்கேயும் விட்டார்கள். வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் குளவி போயிற்று.

சேலத்துக்கு வந்த விருந்தாளி

2020-ம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூரில் இந்த மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவள்ளியைக் 'குச்சிக் கிழங்கு' என்பார்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்கு அதுதான் உயிர். குருத்து சுருண்டதைக் கண்டு விவசாயிகள் கலங்கினார்கள்.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-ம் ஆண்டில் பெனினிலிருந்து குளவிகளை வரவழைத்தது. சோதனைகளுக்குப் பிறகு, 2022-ம் ஆண்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அவை திறந்துவிடப்பட்டன.

குளவி வந்த வயலில் கண்டபடி மருந்து தெளிக்கக் கூடாது; மருந்து பூச்சியோடு குளவியையும் கொன்றுவிடும். எறும்பையும் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி விடும் தேன் போன்ற நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை விரட்டும்.

வயலில் பழுப்பு நிறப் பீப்பாய்கள் தென்பட்டால், விவசாயி அவற்றைக் கிள்ளி எறியக் கூடாது. உள்ளே அடுத்த தலைமுறைக் குளவி இருக்கிறது.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். கடுகளவு குளவி அதை மெய்ப்பித்துவிட்டது!