இருமல் இல்லாத காசநோய்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதியிருக்கும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கு அந்தக் கணக்கு உதவாது. நேற்றுத் தொடங்கிய இருமலையே அவர் சும்மா விடக்கூடாது. இருமலே இல்லாமல் காய்ச்சல் அடித்தாலும், எடை குறைந்தாலும், இரவில் சட்டை நனைய வியர்த்தாலும் சோதித்தாக வேண்டும். இந்த நான்கில் ஒன்று இருந்தாலே பரிசோதனை என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வழிகாட்டியது.

காரணம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குன்றியவரின் சளியில் கிருமிகள் பெரும்பாலும் சொற்பமாகவே இருக்கும். மைக்ரோஸ்கோப்புக்கு அவை தப்பிவிடும். சிலருக்கு நோய் நுரையீரலை விட்டு நிணநீர்க் கட்டிகளுக்கோ மூளைக்கோ போய்விடும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணம் இன்றும் காசநோய்தான்.

தாம்பரம் இதை நேரில் கண்டது. 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்துக்கு 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் வந்து குவிந்தார்கள். 2004-இல் நாட்டில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருப்பானேன்? லாரி நிறுத்தங்களிலும் பாலியல் தொழிலாளர்கள் இருக்கும் இடங்களிலும் களப்பணியாளர்கள் ஏற்கெனவே போய்வருகிறார்கள். ஆணுறை கொடுக்கிறார்கள், நம்பிக்கை மையத்துக்கு எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். அதோடு அந்த நான்கு அறிகுறிகளைப் பற்றி நான்கு கேள்வி கேட்க இரண்டு நிமிடம் ஆகுமா?

கேட்பது சுலபம்தான், அதற்குப் பிறகுதான் சிக்கல். சீட்டு எழுதி அனுப்பினால் ஒரு நாள் கூலி போகும். எச்.ஐ.வி.க்கு ஒன்று, காசநோய்க்கு ஒன்று என இரண்டு மையத்தில் இரண்டு வரிசை. அதனால் ஆள் அலைவதைவிடச் சளி பயணம் போவதே மேல். அதற்கும் பக்குவம் உண்டு. வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி டப்பாவில் துப்ப வேண்டும். வெறும் எச்சில் வந்தால் பயனில்லை. பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவி சிறிய சுகாதார நிலையத்திலும் கிருமியின் மரபணுவைத் தேடிச் சில மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிடும்.

இரண்டு மையங்களும் பேசிக்கொள்ளாவிட்டால் ஆபத்தும் உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். தினம் ஒரு வேளை போடும் மாத்திரையை இரண்டு வேளையாக்க வேண்டும். ஒரு மருத்துவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போனால் நோயாளியின் பாடு திண்டாட்டம்தான்.

எச்.ஐ.வி. இருந்தும் காசநோய் இல்லாதவருக்கும் வேலை இருக்கிறது: ஆறு மாதம் ஐசோநியாசிட், அல்லது வாரம் ஒருமுறை என 12 வாரம் ரிஃபாபென்டினும் ஐசோநியாசிடும். நோய் ஒளிந்திருக்கும் உடம்பில் ஐசோநியாசிடை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடக்கூடும். ஆகவே நான்கு கேள்விக்கும் ‘இல்லை’ என்று சொன்னவருக்கும், சோதித்துக் காசநோய் இல்லை என்று தெரிந்தவருக்கும் மட்டுமே இந்தத் தடுப்பு மாத்திரை. அவர்களிடமும் அடுத்த சந்திப்பில் மறுபடி கேட்க வேண்டும்.