வாத்தின் வயிற்றில் ஈயம்: தோட்டா நீண்ட கதை

ஒரு கிலோ ஈயமும் ஒரு கிலோ எஃகும் ஒரே எடைதான். ஆனால், ஈயம் கச்சிதமாக நிரம்பும் டப்பாவில் அதே எடை எஃகை அடைக்க முடியாது. எஃகுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் வேண்டும். இந்த எளிய கணக்குதான் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் பயன்படும் தோட்டாவை நீளச் செய்தது. அதற்குக் காரணம் என்ன? வாத்துகளின் வயிற்றுக்குள் போய்ப் பார்ப்போம், மாணவர்களே!

தோட்டாவுக்குள் என்ன?

பறவை வேட்டைக்கு ‘ஷாட்கன்’ எனும் துப்பாக்கியைப் பயன்படுத்துவார்கள். அதன் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இருக்காது. நூற்றுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உலோக உருண்டைகள் இருக்கும். அவற்றை ‘ரவை’ என்பார்கள். அடியில் வெடிமருந்து, அதன் மேல் பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ரவை. இதுதான் தோட்டாவின் அமைப்பு.

பரவலாகப் பயன்படுவது ‘12 கேஜ்’ துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டமே இதன் குழாயின் விட்டம். அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். இதற்கான தோட்டாக்கள் முக்கியமாக மூன்று நீளங்களில் வருகின்றன: 70, 76, 89 மில்லிமீட்டர். சுட்ட பிறகு, மடித்த வாய் விரிந்த நிலையில் அளந்த நீளம் இது. ஆகவே, சுடாத நீளத் தோட்டா குட்டையான அறைக்குள்ளும் நுழைந்துவிடும். ஆனால், சுடும்போது வாய் முழுமையாக விரிய இடமிருக்காது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

ஈயம் ஏன் போனது?

பறவைகளுக்குப் பல் கிடையாது. வாத்துகள் சிறு கற்களை விழுங்கி, அவற்றைக் கொண்டு அரைவைப்பையில் தானியத்தை அரைக்கின்றன. ஒருமுறை சுட்டால் இலக்கில் படுபவை சில ரவைகளே. மற்றவை சதுப்பு நிலத்தில் விழுந்து கிடக்கும். அவற்றையும் வாத்துகள் கல் என்று எண்ணி விழுங்கின. அரைவைப்பையில் தேய்ந்து, வயிற்று அமிலத்தில் கரைந்த ஈயம் இரத்தத்தில் கலந்தது. நஞ்சேறிய வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் மடிந்தன.

நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கான தடையை அமெரிக்கா 1987இல் படிப்படியாகத் தொடங்கி, 1991இல் நாடு முழுவதும் நிறைவு செய்தது. வேட்டைக்காரர்கள் எஃகு ரவைக்கு மாறினார்கள்.

எஃகு தந்த சிக்கல்

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகின் அடர்த்தி சுமார் 7.8 கிராம். ஒரே அளவுள்ள இரு ரவைகள் ஒரே வேகத்தில் பறந்தால், இரண்டின் மீதும் ஒரே காற்றுத்தடைதான் செயல்படும். ஆனால், எஃகு ரவையின் நிறை குறைவு. எனவே, அதன் வேகம் சுமார் 1.45 மடங்கு விரைவாகக் குறையத் தொடங்கும். விளைவு? பறவை சாகாமல் காயத்தோடு தப்பிப் பறக்கும். எந்த வேட்டைக்காரரும் விரும்பாத முடிவு இது.

இதற்குத் தீர்வு, ரவையைப் பெரிதாக்குவது. 3.3 மில்லிமீட்டர் ஈய ரவையின் நிறை சுமார் 0.21 கிராம். 3.8 மில்லிமீட்டர் எஃகு ரவையின் நிறை சுமார் 0.23 கிராம். நிறை ஏறக்குறைய சமமாகிவிட்டது. ஆனால், பெரிய ரவைக்கு அதிக இடம் வேண்டுமே! இந்தத் தேவையின் நடுவே, 1988இல் 89 மில்லிமீட்டர் தோட்டா சந்தைக்கு வந்தது.

நீளம் கூடினால் எல்லாம் கூடுமா?

70 மில்லிமீட்டர் தோட்டாவில் சுமார் 32 கிராம் எஃகு ரவை இருக்கலாம். 89 மில்லிமீட்டர் தோட்டாவில் 44 கிராம் வரை அடைக்கலாம். 3.8 மில்லிமீட்டர் ரவை என்றால், முதலாவதில் சுமார் 140. இரண்டாவதில் சுமார் 195. கவனியுங்கள்: கூடியது எண்ணிக்கைதான். வேகம் ஒன்றே என்றால், ஒவ்வொரு ரவையும் பழைய விசையோடுதான் தாக்கும்.

ஆனால், விலை உண்டு. உந்த அழிவின்மை விதி நினைவிருக்கிறதா? ரவை முன்னே பாய, துப்பாக்கி பின்னே உதைக்கும். 3.4 கிலோ துப்பாக்கியில் ரவை விநாடிக்கு 430 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். ரவையை மட்டும் கணக்கிட்டால், 32 கிராமுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் சுமார் 28 ஜூல். 44 கிராமுக்கு சுமார் 53 ஜூல். ரவையின் எடை 37 விழுக்காடுதான் கூடியது. தோளில் விழும் அடியோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது! அடிக்கு அஞ்சித் தோள் சுருங்கினால் குறி தவறும்.

இன்று டங்ஸ்டன் கலவை ரவையும் கிடைக்கிறது. அடர்த்தி 18 வரை, ஈயத்தையே மிஞ்சும். அதனால் சிறிய ரவை, குட்டையான தோட்டா போதும். ஆனால், விலை மிக அதிகம்.

மாற்றத்துக்குப் பலன் கிடைத்ததா? 1997ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 14 இலட்சம் வாத்துகள் ஈய நஞ்சிலிருந்து தப்பியிருக்கும் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். ஐரோப்பிய ஒன்றியமும் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களில் ஈய ரவையைத் தடுத்துள்ளது.

19 மில்லிமீட்டர் கூடுதல் நீளத்தைப் பார்ப்பவர்களுக்கு அது வலிமையின் அடையாளமாகத் தெரியலாம். உண்மையில், எஃகின் அடர்த்திக் குறைவை ஈடுகட்டும் இடம்தான் அது.