கள்ளில் கலந்த குற்றம்

2025 ஜூலையில் ஹைதராபாத் குகட்பள்ளி பகுதியில் கள் குடித்தவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைகளில் குவிந்தார்கள். பலர் இறந்தார்கள். சோதித்த மாதிரிகள் சிலவற்றில் அல்பிரஸோலம் இருந்தது. பதற்ற நோய்க்கான மாத்திரை அது.

போதையும் குற்றமும் என்றால் வெறியேறிய இளைஞனும் கத்தியுமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்கக் குற்றவியலாளர் பால் கோல்ட்ஸ்டைன் 1985இல் இதை மூன்றாகப் பிரித்தார்: மருந்தின் வேகத்தில் செய்வது, மருந்து வாங்கும் காசுக்காகச் செய்வது, மருந்து விற்பனைச் சந்தையின் மோதல்களில் நடப்பது. 1988இல் நியூயார்க்கில் நடந்த 414 கொலைகளை அவர் குழு ஆராய்ந்தது. பாதிக்கு மேல் போதையோடு தொடர்புடையவை. அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று சந்தைச் சண்டைகள். காசுக்காக நடந்தவை நூற்றுக்கு நான்கே.

திருட்டில் கணக்கு வேறு. பால்டிமோரில் ஹெராயினுக்கு அடிமையான 243 பேரைப் பற்றிய ஆய்வில், பழக்கம் பிடித்திருந்த காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 248 நாள் குற்றம் செய்தவர்கள், விட்டிருந்த காலத்தில் 41 நாளே செய்தார்கள்.

ஹைதராபாத் கள்ளுக்கடை கோல்ட்ஸ்டைனின் மூன்று வகையிலும் சரியாக அடங்கவில்லை. ஊர் பெருத்துவிட்டது, கள் இறக்கும் மரம் குறைந்துவிட்டது. ஆனால் தெலுங்கில் 'கல்லு காம்பவுண்ட்' எனப்படும் கடைகளில் கூட்டம் குறையவில்லை. அதனால் தண்ணீர் கலந்த கள்ளுக்குச் சில மில்லிகிராம் அல்பிரஸோலம் தூள் 'கிக்' தருகிறது. மூளையின் பரபரப்பை அடக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளுக்கு அல்பிரஸோலம் வலுவூட்டுகிறது. தினம் குடித்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல். 2015இல் கலப்படத்தை ஒடுக்கியபோது நிஜாமாபாத் பக்கம் மருத்துவமனைகள் இப்படிப்பட்டவர்களால்தான் நிரம்பின. மறுநாளும் வாடிக்கையாளர் வந்தே ஆக வேண்டும் என்பதை மருந்தே பார்த்துக்கொள்கிறது. இதைவிடக் கெட்டிக்கார வியாபாரம் உண்டா?

தூளுக்கும் பஞ்சமில்லை. மருந்து உற்பத்தியில் பேர்போன நகரம் இது. செய்முறை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. 2025 செப்டம்பரில் பழைய போவன்பள்ளியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அல்பிரஸோலம் தயாரித்ததைத் தெலங்கானாவின் 'ஈகிள்' போதைத் தடுப்புப் பிரிவு பிடித்தது. மேலே தயாரிப்பு, கீழே பாடம் நடந்திருக்கிறது!

ஆக, குடித்தவர் இங்கே குற்றவாளி அல்லர். தாம் என்ன குடிக்கிறோம் என்றே அறியாதவர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் தன்னை வெறும் கள் குடிப்பவராகவே எண்ணும் கூலித்தொழிலாளிக்கு, அல்பிரஸோலத்துக்குச் சிகிச்சை கேட்டு வரத் தோன்றாது.