கூலி பெற்று விளையாடிய வீரர்



விளையாட்டு என்பது பொழுதுபோக்கு. அதற்குக் கூலி வாங்குவது இழுக்கு என்ற எண்ணம் ஒரு காலத்தில் ஆங்கிலேயரிடையே வலுவாக நிலவியது. அவ்வெண்ணமே றகர் ஆட்டத்தை இரண்டாகப் பிளந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த ஆட்டக்காரர்கள், பந்தயத்துக்காக வேலையை விட்டுவரும் நாளின் சம்பளத்தை இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டும் எனக் கேட்ட கழகங்கள் 1895 ஆம் ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிற் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. அதன் வழிவந்ததே 'றகர் லீக்'. கண்டியிலும் கொழும்பிலும் நாம் காணும் ஆட்டம் பதினைவர் ஆடும் 'யூனியன்'. லீக்கில் 1906 முதல் பதின்மூவரே ஆடுகின்றனர். பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலாற் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடர்வான். லீக்கிற் கூலி பெற்றவனுக்கு யூனியனின் கதவு அடைக்கப்பட்டது. அக்கதவு திறக்க 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தொழிலின் இயல்பை ஒருவருடைய வாழ்க்கையாலே விளக்க விரும்புகிறேன். அவர் பெயர் பில்லி பொஸ்டன். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் துறைமுகப் பகுதியில், 1934 இல், பதினொரு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர். தந்தையார் ஆபிரிக்காவின் சியரா லியோன் நாட்டவர். கார்டிஃப் கழகத்துக்கும் தாய்நாட்டுக்கும் யூனியன் ஆடவேண்டும் என்பதே இளைஞரின் கனவு. ஆனால் கறுப்பு நிறத்தவருக்கு அவ்வழி எளிதாக இருக்கவில்லை.

1953 இல் விகன் நகர லீக் கழகத்தார் வீடுதேடி வந்து, ஆயிரம் பவுண் தருவதாகக் கூறினர். மகன் தயங்கினார். வந்தவர்களை அனுப்பிவிடும் நோக்கத்துடன் தாயார் மூவாயிரம் கேட்டார். அவர்களோ உடனே இசைந்துவிட்டனர்! கையொப்பம் இட்ட அக்கணமே பழைய கனவு முடிந்தது.

புதிய வாழ்வோ வியக்கத்தக்கதாயிற்று. விகன் கழகத்தின் முதலணியில் ஆறே பந்தயங்கள் ஆடிய நிலையில், 1954 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குத் தெரிவானார்; அப்பயணத்தில் 36 'ட்ரை' பெற்றார். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் வைப்பதே ட்ரை. விகனுக்காக 488 பந்தயங்களில் 478 ட்ரை பெற்ற இவர், 1958, 1959, 1965 ஆம் ஆண்டுகளில் வெம்பிளி அரங்கிற் சவால் கிண்ணமும் வென்றார்.

எனினும் புகழ் அவமதிப்பைத் தடுக்கவில்லை. 1957 இல் பிரித்தானிய அணி அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் வழியில் தென்னாபிரிக்காவிற் காட்சிப் பந்தயங்கள் ஆடியது. நிறவெறி ஆண்ட அந்நாட்டுக்கு அவரை அழைத்துச் செல்லாமல், தனியே வீட்டுக்கு அனுப்பிவைத்தனர். உடன் ஆடியவர்கள் பயணத்தைத் தொடர்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1970 இல் ஓய்வுபெற்ற அவர், விகன் மைதானத்தின் அருகே விடுதி நடத்தி, அந்நகரத்தாரோடு ஒருவராகவே வாழ்ந்தார். 2025 இல், தொண்ணூறாவது வயதில், 'சேர்' பட்டம் அவரைத் தேடிவந்தது. லீக் ஆட்டக்காரர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. லீக் தோன்றி அப்போது நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

உழைப்புக்குக் கூலி பெறுவது மாசன்று. உழைப்பவனை நிறத்தாலும் பிறப்பாலும் அளப்பதே மாசு. பாடசாலை மைதானங்களில் ஓடும் நம் பிள்ளைகள் அறியவேண்டிய பாடம் இது.